நாலு கம்பியும் நம்பாத மேடையும்

பேஸ் கிதார்காரன் ஒழுங்காக வாசித்தால் யார் காதிலும் விழாது. பிசகினால் மட்டும் மேடையே திரும்பிப் பார்க்கும். வேனின் கடைசி சீட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே இன்னொரு பெட்டியாக ஒடுங்கி வருகிற சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். எனக்குப் பிடித்த கம்பி எது என்று தெரிந்துகொள்வதற்குள் எத்தனை பேர் என்னைச் சந்தேகப்பட்டார்கள், நான் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கீச்

முதலில் ஸ்டீல் கம்பி போட்டிருந்தேன். தடித்த கம்பியின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். தொட்டால் அரம் மாதிரி இருக்கும். சத்தம் கணீரென்று வரும். ஆனால் விரலை நகர்த்தினால் கீச்சென்று கத்தும். நாகலாபுரத்துக் கோயில் கொடைவிழாவில் வசந்தி அக்கா ஒரு சோகப் பாட்டை உருகி உருகிப் பாடுகிறார், நடுநடுவே என் கிதாரிலிருந்து கீச், கீச். குழுவை நடத்துகிற செல்வம் அண்ணாச்சி முறைத்தார். கீபோர்டு வாசிக்கிற அந்தோணி அவர் பக்கம் குனிந்து, "பேஸை நான் இடது கையிலயே வாசிச்சிருவேன் அண்ணாச்சி, அதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. என் இடத்துக்கு வேட்டு வைக்கிறான் என்ற சந்தேகம் அன்றைக்குப் பிடித்ததுதான்.

பாட்டு முடிந்ததும் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையேறி வந்து, என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, உள்ள எலி கெடக்கு. வயரக் கடிக்க முன்ன தொறந்து வெளிய விட்ருங்க."

வெந்நீர் வைத்தியம்

கொஞ்ச நாளில் கரிசல் புழுதியும் என் வியர்வையும் சுற்றுக்குள் அப்பிக்கொண்டு, கம்பி செத்துப்போனது. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம். வெந்நீரில் கொதிக்க வைத்தால் உயிர் வரும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாலையும் சுருட்டிக் குழம்புச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். (உயிர் வந்தது உண்மை. ஒரே கச்சேரிக்குள் திரும்பவும் போனதும் உண்மை.)

தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்ட என் மனைவி கனி, மூடியைத் திறந்தாள். கரண்டியில் ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கச்சேரியில சோறு போடலன்னா எங்கிட்ட சொல்லலாம்லா? இத அவிச்சா திங்கப் போறீய?"

மதுரைக் கடையில்

அடுத்து நான் தேடியது தட்டைக் கம்பி. மேலே சுற்றுவது நாடா மாதிரித் தட்டையாக இருப்பதால் வழவழவென்றிருக்கும். கீச்சும் வராது, புழுதியும் தங்காது. ஒருமுறை போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தேன். பாக்கெட்டில் கம்பெனிப் பெயரிலேயே ஓர் எழுத்தைக் காணோம். ஒரு கம்பி சுருதியிலேயே நிற்கவில்லை. அதனால் மதுரைக்கு நேரில் போனேன்.

கடைக்காரர் பாக்கெட்டைப் பிரிக்க விடவில்லை. பிரித்துப் பழைய கம்பியை உள்ளே வைத்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். பிரிக்காமல் வாங்கினால் போலியைத் தலையில் கட்டிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அச்சை எழுத்துக்கூட்டி வாசித்தேன், குலுக்கினேன், கடைசியில் முகர்ந்துகூடப் பார்த்தேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க கம்பி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

கடம்பூர் ரிசப்ஷன்

புதுக் கம்பியோடு போன முதல் கச்சேரி கடம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தும், தும் என்று உருண்டையாக, அடங்கிய சத்தம். எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. செல்வம் அண்ணாச்சி மட்டும், "புதுசுங்குற, பழசு மாதிரில்லா கேக்கு? ஒன்ன நல்லா ஏமாத்திட்டாவ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தக் கச்சேரி முடியட்டும், பேசுவோம்" என்றார். என் இடம் போகப்போகிறது என்று புரிந்தது. அந்தோணி கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

வசந்தி அக்கா பாதிப் பாட்டில் இருக்கும்போது கீபோர்டு அடாப்டர் படாரென்று போனது. அந்தோணி கட்டைகளை அழுத்துகிறான், ஒன்றும் வரவில்லை. தபேலாவும் நானும் மட்டும்தான் மிச்சம். வசந்தி அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் விரலை நிறுத்தவில்லை. அவர் என் சுருதியைப் பிடித்துக்கொண்டு சரணத்துக்குள் போனார். சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியவர்கள்கூட நின்று கேட்டார்கள். பாட்டு முடிந்து கைதட்டல் வந்தபோது, செல்வம் அண்ணாச்சி மிக்ஸரில் என் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்தோணிதான் செத்த அடாப்டரைக் கையில் பிடித்தபடியே என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "எல, அந்தத் தும் தும் நீயா? இத்தன நாளா என் இடது கைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்!"

அந்தத் தட்டைக் கம்பியைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று, கம்பியே இல்லாத கீபோர்டு வாசிக்கிற அந்தோணி இப்போதெல்லாம் ரொம்ப அன்பாக விசாரிப்பதால், கிதார் பைக்கு ஒரு பூட்டு மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.