லில்லிப் பூவும் மாப்பிள்ளை கோட்டும்

பூ வாங்க வருகிற எல்லோருக்கும் பூவைப் பற்றி எல்லாமே தெரியும். தெரியாதவன் விற்கிறவன் ஒருவன்தான். கடை வைத்து அவதிப்படும் என் இனத்தாரே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் பூக்கடை. பங்குனியில் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர், "இந்த ஒரு ரிசப்ஷன நல்லா செஞ்சு குடு. இனிமே மேடை வேலை எல்லாம் உனக்குத்தான்" என்றார். மல்லியும் சாமந்தியும் விற்றுக் காலம் தள்ளியவனுக்கு வேறென்ன வேண்டும்? சீசன் பூவாக இருக்கட்டும் என்று ஊட்டியிலிருந்து வெள்ளை லில்லி வரவழைத்தேன்.

மொட்டு விவகாரம்

லில்லி மொட்டாகத்தான் வரும். காம்பைச் சாய்வாக வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, பக்கெட் தண்ணீரில் நிறுத்தினால் கல்யாணத்துக்குள் விரிந்துவிடும். பெண்ணின் அப்பா பார்க்க வந்தார். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர். மல்லி விரிந்திருந்தால் கையால் தொடமாட்டார், மொட்டாகத்தான் வேண்டும். லில்லிக்கு மட்டும் சட்டம் வேறு. பக்கெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா தம்பி, வெண்டிக்கா மாதிரி இருக்குது? நான் மேடைக்குக் கேட்டேன், சாம்பாருக்கு இல்ல."

நடுவில் இருந்தது

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் மலர்ந்துவிட்டன. லில்லியின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளின் நுனியில் ஒரு செம்பழுப்புப் பொடி இருக்கும். துணியில் பட்டால் லேசில் போகாது. அதனால் நுனியைக் கிள்ளிவிடுவோம். மேடைப் பூவை முடித்து, மாப்பிள்ளை கையில் கொடுக்கும் பொக்கேவுக்கு வந்தேன். பெண்ணின் அப்பாவும் வந்தார். கீழே கிள்ளிப் போட்டிருந்ததைப் பார்த்ததும் கையும் களவுமாகத் திருடனைப் பிடித்த சந்தோஷம் அவருக்கு. கறை பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவலுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க இன்னா பாதிப் பூவா கேட்டோம்? இதையாவது முழுசா குடு."

கோட்டு

முழுசாகவே கொடுத்தேன். மாப்பிள்ளை சந்தன நிறக் கோட்டில் இருந்தார். போட்டோக்காரர் சொன்னாரென்று பொக்கேவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பொக்கேவை விலக்கியபோது கோட்டில் ஆரஞ்சுப் பட்டை. செலோடேப்பால் ஒற்றினால் வந்துவிடும். டேப்போடு மேடைக்கு ஓடினேன். "தண்ணி வைக்காதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் மாப்பிள்ளையின் அக்கா ஈரக் கர்ச்சீப்பால் நன்றாகத் தேய்த்து, அதைக் காலர் வரை கொண்டுபோய்விட்டார். மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பாவை முறைத்தார். மேனேஜர் என்னை முறைத்தார். என் ஒரே சாட்சி பெண்ணின் அப்பாதான். நம்பிக்கையோடு அவரைப் பார்த்தேன். அவர் சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"நான் காலைலயே தலபாடா அடிச்சுக்கினேங்க, நடுவுல இருக்கிறத எடுத்துடு தம்பின்னு. கேட்டாத்தானே?"

அந்த மண்டபத்தில் இப்போது பிளாஸ்டிக் லில்லிதான். வாங்கும்போதே விரிந்திருக்கிறது, நடுவிலும் முழுசாக இருக்கிறது, என்னைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை.