எங்கள் கிரியேட்டிவ் ஹெட் எடுக்க மறுத்த படம்

அவரை எங்கள் விளம்பர நிறுவனத்தின் கிரியேட்டிவ் ஹெட்டாக அறிவித்த அன்று நான் யாருடனும் பேசவில்லை. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் மட்டுமல்ல, டீ கொண்டுவருகிற அம்மாவும் நம்பியிருந்தார். படம் வரைகிற பிரிவில் நான்தான் மூத்தவன். அவர் எழுதுகிற பிரிவில் இருந்த பெண், என்னைவிட ஏழு வயது சின்னவர்.

சாயங்காலம் அவரே என் மேசைக்கு வந்தார்.

"சார், உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு வாரம் எங்கிட்ட பேசாதீங்க, பரவால்ல. அடுத்த திங்கக்கிழம வேல இருக்குது, அன்னிக்குப் பேசிடுங்க."

சொல்லிவிட்டு மீஞ்சூருக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

மீஞ்சூர்தான் அவருடைய ஊர். அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டியில் லோடு ஏற்றும் வேலை. எங்களிடம் அவர் சேர்ந்தது எழுத்துப் பிழை திருத்துகிறவராக. அப்போதெல்லாம் விளம்பரங்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றுவோம். ஒருநாள் குக்கர் விளம்பரம் ஒன்றில் 'உங்கள் சமையலறையின் உற்ற தோழி' என்றிருந்ததை அடித்துவிட்டு வந்து நின்றார். பிழை எங்கே என்று கேட்டார்கள்.

"பிழை ஒண்ணும் இல்ல சார். ஆனா யார் ஊட்ல குக்கர தோழின்றாங்க? மூணாவது விசில் வந்துச்சான்னுதான் கேப்பாங்க."

அந்தக் கேள்வியே தலைப்பாக அச்சேறியது. சீக்கிரமே அவர் எழுதுகிற பிரிவுக்கு வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தங்கள் வரியைப் பெருமையாகப் படித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிடிக்காவிட்டால், "இத உங்க ஊட்ல சத்தமா சொல்லிப் பாத்தீங்களா?" என்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். வீட்டில் சொன்னால் அந்த வரி நிற்காது என்று எனக்கே தெரிந்திருந்ததுதான் காரணம்.

அவர் பொறுப்பேற்ற இரண்டாவது வருடம், தொழிலாளர்கள் காலுக்குப் பாதுகாப்பாகப் போடும் சேஃப்டி ஷூ தயாரிக்கும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. தொழிற்சாலை கும்மிடிப்பூண்டியில். முதலாளிக்கு டி.வி.யில் ஒரு விளம்பரப் படம் வேண்டும். வெல்டிங் செய்யும் ஒரு பெண், பின்னால் தீப்பொறி பறக்க, அந்த ஷூவோடு நடந்து வருவதாக நான் கட்டம் கட்டமாக வரைந்தேன். எங்கள் ஹெட்டுக்குப் பிடித்திருந்தது. முதலாளிக்கும் பிடித்துப்போனது. வருடக்கணக்கில் இல்லாத சந்தோஷம் எனக்கு.

படம் எடுக்க இடம் பார்க்க, அதே தொழிற்பேட்டையில் அந்த ஷூக்களை வாங்கும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனோம். நான் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டு நேரத்தில் பெண் தொழிலாளர்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது, புதுவாயலிலிருந்து வேலைக்கு வரும் ஒரு அம்மா தன் ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்து பழைய புடவைத் துணியை உருவிக்கொண்டிருந்தார்.

"ஆம்பள அளவுதாம்மா வருது. துணிய வெச்சிக்கினுதான் போட்டுக்கினுகீறோம். இல்லன்னா காலு உள்ளயே டான்ஸ் ஆடுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஹெட் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஷூவுக்குள் காலை விட்டு நாலு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் தடுக்கியது.

திரும்பும்போது புதுவாயலில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சார், இந்தப் படத்த எடுக்க முடியாது."

"ஏன்? இன்னா குறை அதுல?" எனக்கும் அந்தப் பக்கத்துப் பேச்சு வந்துவிட்டது, கோபத்தில்.

"உங்க படத்துல ஒரு குறையும் இல்ல. அந்தப் பொண்ணு போட்டுக்கினு வர ஷூதான் இல்ல. பொம்பள அளவுல மொதலாளி செய்யவே இல்ல."

முதலாளியிடம் இதைப் பேச வேண்டாம் என்று எங்கள் எம்.டி. கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் எங்கள் ஹெட் துணி அடைத்த அந்த ஷூவை அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி, மாற்றுக்கு வேறு ஒன்று கொடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசைமேல் வைத்தார்.

முதலாளி அதைத் தொடவில்லை. "விளம்பரம் பண்ணக் கூப்ட்டா என் சரக்கையே குறை சொல்றியாம்மா?"

"சார், படம் டி.வி.யில வந்தா மொதல்ல சிரிக்கப் போறது இந்தப் பொம்பளைங்கதான்."

எங்களை வெளியே போகச் சொன்னார்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார் எம்.டி. இவர் எழுதினார். மேசைமேல் ஷூ வைத்ததற்கு வருந்துவதாக இரண்டே வரி. மற்றதைப் பற்றி ஒன்றுமில்லை. எம்.டி. கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்க எடுத்துக்கறீங்களா? படம் உங்களுதுதானே" என்றார்.

நான் சரி என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வரைந்த அட்டைகளைத் தூக்கிக்கொண்டு தனியாக கும்மிடிப்பூண்டி போனேன். முதலாளி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். கடைசி அட்டையில் அந்தப் பெண்ணின் காலில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்ககூட வந்த அந்தம்மா ஏன் வர்ல?"

நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"நம்ம பேக்கிங்ல இருக்கிற பொம்பளைங்கள கூப்ட்டு கேட்டேன் சார். அவங்களும் துணிதான் வெச்சிக்கினுகிறாங்க. நம்ம ஷூவுலயே. இத்தினி வருசமா எங்கிட்ட யாரும் சொல்லல." பீரோவைத் திறந்து, சின்னதாக ஒரு ஜோடி எடுத்து வைத்தார். "மாதிரிக்கு ஒண்ணு செஞ்சிருக்குது. அந்தம்மாவ வந்து போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அடுத்த நாள் எங்கள் ஹெட் போனார். போட்டுக்கொண்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு, "முன்னாடி வெரல் இடிக்குது சார்" என்றார். முதலாளி முதல்முறையாகச் சிரித்தார். ஷூவின் அச்சை மறுபடி மாற்றினார்கள். அதற்கே சில மாதங்கள் ஆயின.

தீப்பொறியும் வெல்டிங்கும் வரவேயில்லை. கம்பெனி பஸ்கள் நிற்கும் இடங்களில் பலகை வைத்தால் போதும் என்று இவர் சொன்னார். ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் சுருட்டிப் போட்ட ஒரு துண்டுத் துணி. கீழே: 'இனிமே துணி வேணாம்மா. உங்க அளவுலயே இருக்குது.' அந்தப் புதுவாயல் அம்மா புது ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன வார்த்தைகள் அவை. அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுத்தாளர்களில் ஒருவர் அதை வாசகமாக எழுதினார். எழுத்தை நான் கையால் வரைந்தேன்.

பலகை ஏறிய அன்று பார்க்கப் போனோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் அவரிடம் சொன்னேன், அந்த வேலையை எனக்குத் தருவதாக எம்.டி. சொன்னபோது உடனே ஒத்துக்கொண்டதை.

"தெரியும் சார். நீங்க அட்டைங்கள தூக்கிக்கினு போனத ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

"ஒண்ணும் கேக்கலயே?"

"ரெண்டு நாள் உங்கமேல ரொம்பக் கோவமா இருந்துச்சு. நானா இருந்தா போயிருக்க மாட்டேன்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. சரி, பசிக்குது, நாஷ்டா துன்னலாம் வாங்க."

எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தோம். அவர் பூரி சொன்னார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, அடுத்து வந்திருக்கும் பம்பு செட் விளம்பரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.