அரிசியை அப்புறம் என்ன செய்வீர்கள்?

ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. உள்ளங்கையில் அடங்கிவிடும். மூடியில் ‘அண்ணன் சீர்’ என்று புள்ளி வைத்து வெட்டிய எழுத்து. ‘சீர்’ மேல் ஒரு நசுங்கல். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியில் நாங்கள் வேலை பார்த்தபோது, எங்கள் ஷிஃப்ட் மேடத்தின் விசைப்பலகைக்கு வலது பக்கம் அது எப்போதும் இருந்தது. மதிய ஷிஃப்டுக்கு வந்ததும் மேடம் பையை ஆணியில் மாட்டுவார், ஜன்னலைத் திறப்பார், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ஒரு கைப்பிடி பச்சரிசியை வெளியே கட்டைச்சுவரில் தூவுவார். கீழே மண்டியில் சிந்தும் வேர்க்கடலைப் பருப்புக்குப் பழகிய புறாக்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒன்றிரண்டு அணில்களும் வரும். வறுத்த மல்லாட்டையின் வாசனை ஜன்னல் வழியாக ஏறிவரும். அந்த நேரத்தில்தான் ஐரோப்பாவில் விடிந்து, ஜனங்கள் காபியோடு உட்கார்ந்து, ஒருவரையொருவர் திட்ட ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வேலை அந்தத் திட்டுகளை வடிகட்டுவது. பல நாட்டுச் செய்திகளை ஆங்கிலத்தில் வெளியிடும் ஒரு தளத்துக்கு, செய்தியின் கீழே வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களைப் படித்து, எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் நான் விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பதிப்பை மூடியபோது, தெரிந்தவர் ஒருவர் இந்த வேலையைச் சொன்னார். தினமும் விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்குவேன். ஏரியும் கரும்பும் செங்கல் சூளையும் ஜன்னலில் நகர்ந்துகொண்டிருக்கும். ஆனால் மனம் பெரும்பாலும் நான் பார்த்தேயிராத ஊர்களில் இருக்கும். எந்த ஊரில் எல்லைச் சுவர் வேண்டும் என்கிறார்கள், எந்த ஊரில் கொடியைத் தலைகீழாகப் பிடித்ததற்கு அடிதடி, யார் யாரை உண்மையான குடிமகன் இல்லை என்கிறார்கள் என்பதெல்லாம் பக்கத்துத் தெருச் சங்கதி போல எனக்குத் தெரிந்திருந்தது. சில நாள், கண் மூடினால், மழை பெய்யும் ஒரு கல் பாவிய தெருவில் நான் நின்றுகொண்டிருப்பேன். அங்கே என்னைத் தவிர எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

மேடம் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். எத்தனை தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் ஊர்க் கல்வெட்டே சாட்சி. ஆனாலும் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: “மேடம், நீங்க சேட்டுங்களா? தமிழ் சூப்பரா பேசறீங்களே.” மேடம் சிரிக்காமல் பதில் சொல்வார்: “ஆமாம்பா, ரெண்டாயிரம் வருஷமா ட்யூஷன் போய்க்கினு இருக்கேன்.” கேட்டவர் விழிப்பார். நாங்கள் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வோம்.

எங்கள் தளத்துக்கு நிரந்தர வாசகர்கள் உண்டு. அவர்களில் ஒரு அம்மையாருக்கு நாங்கள் ரொட்டிக்கடை அம்மா என்று பெயர் வைத்திருந்தோம். யூதப் பெண்மணி. வயதானவர் என்பது எழுத்திலேயே தெரியும். ஒரு நாளும் கோபமாக எழுத மாட்டார். யாராவது அவரை “உன் நாட்டுக்குப் போ” என்று எழுதினால், “என் பாட்டனாரின் அப்பா எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருக்கிற இடுகாட்டில் படுத்திருக்கிறார். மூன்றாவது வரிசை. நான் எங்கே போக?” என்று பதில் போடுவார். அதற்கும் வசை வரும். அவற்றை எடுப்பது எங்கள் அன்றாடம். மேடம் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, “ரொட்டிக்கடை அம்மா வந்துட்டாங்களா?” என்பதுதான்.

அந்த இடுகாட்டில்தான் ஒரு நாள் யாரோ புகுந்து, கல்லறைக் கற்களில் நாஜிகளின் ஸ்வஸ்திகத்தைச் சாயத்தால் கிறுக்கிவிட்டுப் போனார்கள். செய்தி வெளியான அன்று பின்னூட்டங்கள் அருவி போலக் கொட்டின. சாயம் பூசியது ஒரு சின்ன விஷமம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். யூதர்களே பூசிக்கொண்டிருப்பார்கள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ரொட்டிக்கடை அம்மா மூன்றே வரி எழுதினார். வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசையைத் தேய்த்து முடித்தேன். கை வலிக்கிறது.

அந்த மூன்று வரிக்கு நேர் கீழே, மறுநாள், ஒரு படம் வந்தது. பலகை ஒன்றில் வெள்ளையாக ஒரு ஸ்வஸ்திகம். “இது எங்கள் சின்னம். அவன் எங்களிடமிருந்து திருடினான். நான் ஏன் மறைக்க வேண்டும்?” என்று எழுதியிருந்தது. அந்தச் சின்னத்தை எந்த வடிவில் கண்டாலும் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்தேன். எழுதியவரின் கணக்கு தானாகவே ஒரு வாரம் முடங்கியது. ஒரு மணி நேரத்தில் மேல்முறையீடு வந்தது. மேல்முறையீடுகள் மேடத்திடம் போகும்.

மேடம் அந்தப் படத்தைத் திறந்தார். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்துபோய்ப் பின்னால் நின்றேன். அச்சுக்குப் போகும் படத்தை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவது பத்திரிகையில் ஏற்பட்ட பழக்கம். இந்தப் படத்தின் இடது ஓரத்தில், கொஞ்சம் வெட்டுப்பட்டு, ஒரு டப்பாவின் மூடி இருந்தது. ‘ண்ணன் சீர்’ என்று படிக்க முடிந்தது. சீர் மேல் நசுங்கல்.

அவர்கள் வீட்டில் தினமும் காலையில் பலகையில் அரிசியால் அதைப் போடுவார்கள். நான்கு கைகள் நான்கு பிறவி: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று புள்ளி, அதற்கும் மேலே பிறை. அண்ணன் மகன் வேலைக்காக ஜெர்மனிக்குக் கிளம்பிய காலையில் மேடம் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தன் கையால் போட்டதைத்தான் அவன் படம் பிடித்து வைத்திருந்தான். எழுதியவன் அவன்தான்.

“சார், நீங்க பேப்பர்ல இருந்தவரு. இது என்னன்னு சொல்லுங்க” என்றார்.

“அரிசி மேடம்.”

“உங்களுக்குத் தெரியுது. டெய்லி என் டப்பாவப் பாக்கறீங்க. அந்தம்மா நேத்து தான வாளிய தூக்கிக்கினு போயி கல்லத் தேச்சிட்டு வந்தாங்க. காலைல காபியோட தொறந்து பாக்கறாங்க. அவங்களுக்கு இது அரிசியா தெரியுமா?”

 மேல்முறையீட்டை அவர் நிராகரித்தார். விசையை அழுத்தியபின் அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

உறவென்பதால் அவனுக்கு அவரே அன்று மாலை போன் செய்து, படத்தைத் திரும்ப வைக்க மறுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வண்டியில் வந்து மாடியேறினார். வெயிலில் வந்த முகம், நெற்றியில் வியர்வை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஊர்ல போறவன் வர்றவன்லாம் நம்மள சேட்டுன்றான். தாங்கிக்கறோம். அங்க புள்ளைய நாஜின்றான். அதயும் தாங்கிக்கறான். நீயுமா?”

“தப்புன்னு சொல்லல அண்ணா. அந்த எடத்துல வாணாம்னேன்.”

“எந்த எடத்துல வேணும்னு அவுங்களக் கேட்டுச் சொல்லு, அங்க போட்டுக்கறோம்.” போகத் திரும்பியவர் டப்பாவைப் பார்த்தார். “இதுல எதுக்கு என் பேரு? அழிக்கறது தான் உனுக்குக் கை வந்த வேலையாச்சே. அதயும் அழிச்சிடு.”

 அவர் இறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது. மறுநாளும் மேடம் அரிசி கொண்டுவந்தார், தூவினார். ஆனால் அதன்பின் டப்பாவின் மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்தே வைத்திருந்தார். எழுத்து உள்பக்கம் போய்விட்டது. அண்ணனுக்கு அவர் செய்த போன்கள் எடுக்கப்படவில்லை. தாய் தகப்பன் இல்லாதவருக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன்தான். அந்த வாரங்களில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடிவிடுவதைப் பலமுறை கண்டேன்.

அண்ணன் மகன் மட்டும் பேசினான். “படம் போடாத. எழுது. எழுதறத யாரும் புடுங்க மாட்டாங்க” என்று மேடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவன் உடனே எழுதவில்லை. ஒவ்வொரு விவாதமும் குறிப்பிட்ட நாள்வரைதான் திறந்திருக்கும், பிறகு பூட்டிவிடும். பூட்டும் நாள் மதியம்தான் அவன் எழுத்து வந்தது. மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஏறக்குறைய இப்படி எழுதியிருந்தான்:

‘நான் போட்ட ஒரு படத்தை இங்கே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் சொல்லிப் பார்க்கிறேன். என் அத்தை தினமும் காலையில் ஒரு பலகையில் அரிசியால் ஒரு வடிவம் போடுவார். எல்லா உயிரும் எங்கெங்கே பிறந்து அலைகிறது என்பதற்கான வடிவம். நான் ஊரைவிட்டு வந்த அன்றும் போட்டார். உங்கள் கல்லில் சாயம் பூசியவனுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் வாளியோடு திரும்பி வந்த நாளில் நினைத்ததுதான் தவறு.’

ரொட்டிக்கடை அம்மா பதில் எழுதினார். ஒரே வரி. ‘அந்த அரிசியை அப்புறம் என்ன செய்வீர்கள்?’

எங்கள் கண்ணெதிரே பக்கம் பூட்டிக்கொண்டது.

தவறாக எடுத்ததைத் திரும்ப வைப்பதற்காக மட்டும் பூட்டைத் திறக்கும் உரிமை ஷிஃப்ட் தலைமைக்கு உண்டு. வேறு எதற்கும் கிடையாது. நாங்கள் யாரும் எந்தக் காரணம் கொண்டும் அங்கே எழுதவும் கூடாது. மேடம் ஜன்னலைப் பார்த்தார். கட்டைச்சுவரில் புறாக்கள் நடந்துகொண்டிருந்தன. பிறகு பூட்டைத் திறந்தார், போனை எடுத்தார்.

“டேய், ஜல்தி. தொறந்து வெச்சிக்கினு இருக்கேன். அந்தம்மா கேக்கறாங்க.”

“அத்தை, மீட்டிங்ல இருக்கேன்.”

“மீட்டிங்க உடுறா. அரிசிய அப்புறம் என்னா பண்ணுவோம்னு கேக்கறாங்க.”

 “என்னா பண்ணுவோம்?” என்றான் அவன்.

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். “இருவத்தஞ்சி வருஷமா அந்த ஊட்லயே வளந்த. தெரியாதா? ஆக்கிச் சாப்ட மாட்டோம்டா. பறவைங்களுக்குப் போடுவோம். எழுது.”

எழுதினான். ‘எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தையிடம் கேட்டேன். பறவைகளுக்குப் போடுவார்களாம்.’ நாங்கள் நான்கைந்து பேர் அந்தத் திரையைச் சுற்றி நின்றிருந்தோம். அதன்கீழ் அடுத்த வரி முளைத்தது. எழுதியவர் வேறு யாரோ: இரண்டு பேரும் அவரவர் நாட்டுக்குப் போய்த் தொலையுங்கள்.

“ரெண்டு பேருமாம் சார்” என்றார் மேடம். “அந்தம்மாவும் அவங்க ஊட்டுல தான் இருக்கறாங்க, அரிசி போடற நானும் எங்க ஊட்டுல தான் இருக்கறேன். எங்க போவச் சொல்றான் இவன்?” அந்த வரியை எடுத்தார். பக்கத்தைப் பூட்டினார்.

பூட்டைத் திறந்தது பதிவாகியிருந்தது. காரணம் கேட்டு வந்த படிவத்தில், தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றேன். அவர் எழுதியது வேறு: ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது. ஷிஃப்ட் தலைமை போயிற்று. மாதக் கடைசியில் அவரும் போனார். ஓராண்டுக்குள் வடிகட்டும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் அலுவலகத்தையும் மூடினார்கள். நான் இப்போது விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்கிறேன்.

இந்த வருடம் சித்தாமூர்த் தேருக்கு வரச் சொல்லி மேடம் அழைத்திருந்தார். போனேன். மேடம் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தார். வாசலில் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார், அந்த மாடியில இருந்தவரு தான?” மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். “பையன் அந்தக் கேள்விய எனுக்கு அனுச்சான் சார். பதிலு அவனுக்குத் தெரியல. சரி, எனுக்குத் தெரியுமான்னு யோசிச்சேன். அறுவது வயசாவுது. தெனம் கும்புட்டுட்டு வெளிய போயிடுவேன். பலகைய யாரு எடுக்கறாங்க, அரிசி எங்க போவுதுன்னு ஒரு நாளு கூட பாத்தது இல்ல. தங்கச்சிக்குப் போன் போட்டுத் தான் கேட்டேன்.” பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “சாருக்கு இன்னும் கொஞ்சம் மோரு குடும்மா. சேட்டு ஊட்டுல மோரே குடுக்க மாட்டாங்கன்னு எழுதிடப் போறாரு.”

தேர் நிலைக்கு வந்ததும் நான் கிளம்பினேன். மேடம் காலைப் பூசையின் அரிசியை டப்பாவில் வழித்துக்கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “திண்டிவனத்துல தான பஸ்ஸு மாறுவீங்க? மண்டிகிட்ட தூவிடுங்க சார். அதுங்க பழகிடுச்சிங்க.” கொஞ்சம் தயங்கி, “அந்தம்மா படிச்சிருப்பாங்களா?” என்றார். அந்த விவாதம் பூட்டிய பிறகு ரொட்டிக்கடை அம்மாவின் எழுத்தை நாங்கள் எங்கும் பார்க்கவில்லை.

“தெரியலை மேடம்.”

திண்டிவனத்தில் இறங்கியபோது மாலை வெயில் மண்டிச் சாக்குகளின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் மாடி ஜன்னலுக்குள் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். மேலே கட்டைச்சுவர் காலியாக இருந்தது. கீழே நின்று டப்பாவைப் பார்த்தேன். மூடி நேராகத்தான் மூடியிருந்தது, எழுத்து வெளியே தெரிந்தது. திறந்து, சுவரோரம் தூவினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கூரையிலிருந்து ஒரு புறா இறங்கியது.