விரிப்பின் மறுமுனை

இது கட்டுக்கதை இல்லை. "மேடம் படம் எடுக்கிறவங்க, கிராபிக்ஸ் பண்ணியிருப்பாங்க" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். படம் என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன்.

நான் ஆவணப்படம் எடுப்பவள். மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை ஒரு அருங்காட்சியகத்துக்காகப் பதிவு செய்கிறேன். அந்த முறை ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளைத் துவைத்து, மடித்து அனுப்பும் இடம்.

நான் கொண்டுபோனது எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கேமரா. அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. நடு அறையில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விட வேண்டும். பிறகு கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்த்தால் அந்த அறைக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். தலையைத் திருப்பிய பக்கம் எல்லாம் தெரியும்.

நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் இரண்டிரண்டு பேராக விரிப்பு மடித்தார்கள். ஒரு ஒல்லிப் பெண் மட்டும் தனியாக. ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையை இழுத்து இழுத்து மடித்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் பிற்பகல் 3.10. எடிட்டிங் அறை. வெளியே நல்ல வெயில். ஹெட்செட்டை மாட்டி, ஒல்லிப் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

கொக்கி காலியாக இருந்தது. விரிப்பின் மறுமுனையை ஒருத்தி பிடித்திருந்தாள்.

நடுத்தர வயது. நீராவியில் மற்றவர்களின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவள் சட்டை காய்ந்திருந்தது. மற்றவர்கள் விரிப்பை உதறும்போது 'படார்... படார்'. இவள் உதறும்போது... ஒரு சத்தமும் இல்லை.

ஹெட்செட்டைக் கழற்றினேன். தண்ணீர் குடித்தேன். நேற்று சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுபடி மாட்டினேன்.

இப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராவை இல்லை. என்னை. நான் நாற்காலியோடு இடப்பக்கம் நகர்ந்தேன்.

அவள் கண்ணும் நகர்ந்தது...

இரண்டு நாள் கழித்துச் சலவைக்கூட முதலாளி படம் பார்க்க வந்தார். மாட்டிய வேகத்தில் கழற்றினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இந்தப் பொம்பளைய எடுத்துடும்மா."

"ஏன் சார்?"

"இவ எங்ககிட்ட வேலை பாக்கல."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. கணக்கில் காட்டாமல் ஆள் வைத்து வேலை வாங்குகிற எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"வேலை பாக்காதவங்க உங்க விரிப்ப எதுக்கு சார் மடிக்கிறாங்க?"

"எடுக்கலன்னா படத்த வெளிய விடமாட்டேன்."

"விடாதீங்க. நான் யாரையும் அழிக்கிறதா இல்ல."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். படத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். முதலாளி தடுத்தால் நின்றுவிடுவேனா? ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஒல்லிப் பெண்ணின் வீட்டுக்கே போனேன்.

மாட்டினாள். திரும்பினாள். அப்படியே நின்றாள்.

அவள் இரண்டு கையும் மெல்ல உயர்ந்தன. விரிப்பைப் பிடிப்பதுபோல.

"அக்கா... நல்லா இழுத்துப் புடிக்கா."



அவள் இன்னும் கொஞ்சம் திரும்பினாள்.

"மேடம்... பின்னாடி மெஷின் ஓடுது."

"எந்த மெஷின்?"

"அக்காவ உள்ள இழுத்த மெஷின்."

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அழுதாள்.

"என் கூடப் பொறந்த அக்கா. அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். அவ அங்க வேலையே பாக்கல, அப்படி ஒரு மெஷினே இல்லன்னு முதலாளி சாதிச்சுட்டாரு. கோர்ட்டுல எங்க பேச்ச யாரும் நம்பல."

நான் மாட்டிப் பார்த்தேன். மறுமுனையைப் பிடித்திருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் பெரிய இஸ்திரி மெஷின். உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. படம் எடுத்த அன்று நான் கைபேசியில் எடுத்த போட்டோவில் அந்த இடம் வெறும் சிமெண்டுத் தரை.

 ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. முழுப் படத்தையும் அந்தத் தங்கை கையில் கொடுத்தேன். அவள் மறுபடி வழக்குப் போட்டாள்.

படத்தை நீதிமன்றத்தில் போட்டார்கள். முதலாளி எழுந்து கத்தினார்.

"இது போலி! அந்த மெஷின ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உருக்கிட்டோம். இந்தம்மா கேமராவுல அது எப்படி வரும்?"

எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

நீதிபதி முதலாளியைத்தான் கேட்டார்.

"அப்போ, மெஷின் இருந்துச்சா?"