செம்பில் விழுந்த கோடு

சலவைக் கடையில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. துணியில் இருப்பது எதன் கறை என்று கண்டுபிடித்து, அதற்குரிய மருந்தைப் போட்டு எடுக்க வேண்டும். மையா, துருவா, ரத்தமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். “தண்ணி பட்டுடுச்சு” என்று வாடிக்கையாளர் சாதிப்பார். அவள் மறுபேச்சுப் பேசாமல் சீட்டில் ‘ஒயின்’ என்று எழுதிக்கொள்வாள்.

வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது செம்பு சிங்க்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எவர்சில்வரே போதுமே என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அவளோடு கடைக்குக் கிளம்பினார். கடைக்காரர் முதலில் காட்டியதில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அவள் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தாள். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. இரண்டாவதை விரலால் தட்டினாள், டப்பா போலச் சத்தம் வந்தது. மூன்றாவதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மூலைகளில் பற்றவைத்த தடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை, வார்னிஷும் பூசவில்லை.

“இதோட நிறம் மாறிக்கிட்டே இருக்கும்மா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்றார் கடைக்காரர்.

“மாறணும்னுதான் வாங்குறேன்” என்றாள்.

நாள் முழுக்கக் கறை எடுக்கிறவளுக்கு, வீட்டில் ஒரு பொருளாவது தன் பாட்டுக்குக் கறையேறட்டும் என்று ஆசை. ஆனால் அதற்கும் கவனிப்பு வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவியதும் சோப்புத் தண்ணீரால் அலசி, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைப்பாள். கம்பி நார் பக்கத்திலேயே வரக் கூடாது. மாதம் ஒருமுறை தேன்மெழுகு தேய்ப்பாள். எட்டு மாதத்தில் சிங்க் ஆரஞ்சு நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. எலுமிச்சை, வினிகர், தக்காளி எதையும் அதில் ஊறவிட வேண்டாம், நிறம் போய்விடும் என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் சரி சரி என்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். தெருப் பிள்ளைகள் பதினான்கு பேரைச் சேர்த்து மைதானத்தில் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். தொண்டை கட்டும்வரை கத்துவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பதினான்கு பேரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கும் ஞாயிறுதான். காலை ஷிப்டை முடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்குத் தெருவுக்குள் வந்தவள், பேக்கரி வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் பேக்கரிக்காரர் நின்றுகொண்டு, அதே பன்னைத்தான் காலையில் தானும் தின்றதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பன் தின்று, ஜூஸ் குடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வரிசையாக வாந்தி. ஒன்பது பேர் முனைக் கிளினிக்கில் கிடக்கிறார்கள். கோல் கீப்பர் பெண்ணுக்குத்தான் மோசம்.

கறையக்கா நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்குள் போய்ப் பையைப் போட்டுவிட்டு, கை கழுவலாம் என்று குழாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

சிங்கின் அடியிலிருந்து முக்கால் உயரம்வரை செம்பு புதுசாக, இளஞ்சிவப்பாக மின்னியது. அதற்கு மேலே பழைய பழுப்பு. இரண்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு. தேய்த்திருந்தால் கீறல் இருக்கும், இதில் ஒரு கீறல்கூட இல்லை. வடிகட்டியில் எலுமிச்சை விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும், கிளினிக்குக்குத் துண்டு எடுத்துப் போக மூச்சிரைக்க வந்த கணவரிடம் கேட்டாள்.

“ஜூஸை எதுல கலந்தீங்க?”

“சிங்க்லதான். பதினாலு பேருக்குக் காணுற மாதிரி வேற என்ன இருக்கு? நல்லாக் கழுவிட்டுத்தான் கலந்தேன்.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறுக்கு, நீ வேலைக்குக் கிளம்பினதும். ஐஸ் போட்டு மூடி வச்சுட்டுப் போனேன். பத்தரைக்கு வந்து கேன்ல பிடிச்சுக் கொண்டுபோனேன்.” அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “செம்பு உடம்புக்கு நல்லதுதானே?”

“சும்மா தண்ணின்னா வேற. புளிப்புல அவ்வளவு நேரம் இருந்தா செம்பு கரைஞ்சு அதுலயே இறங்கிடும். பிள்ளைங்க குடிச்சது அதைத்தான்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். இப்போது போய்ச் சொன்னால் தன்னை உயிரோடு விடமாட்டார்கள், டாக்டர்தான் மருந்து கொடுக்கிறாரே, முதலில் பிள்ளைகள் தேறட்டும், அப்புறம் தானே எல்லோரிடமும் சொல்வதாக மன்றாடினார். அவர் கைவிரல்கள் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தன. இருபது வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“எதுக்குன்னு தெரியாமலே மருந்து குடுத்துட்டிருக்கார்” என்றாள்.

அவர் மைதானத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்த கேனில் மிச்சமிருந்த ஜூஸை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பேக்கரியைத் தாண்டும்போது பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்கிற பார்வை. நின்றால் கூட்டம் பிடித்துக்கொள்ளும், டாக்டரிடம் போக நேரமாகிவிடும். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள். வழியெல்லாம் இன்னொன்றும் அவளை அரித்தது. நிறம் போய்விடும் என்றுதான் அவரிடம் சொன்னாள். உடம்புக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்குத் தெரியும், தனக்கு மட்டும் தெரியும்.

கிளினிக்கில் பெஞ்சுக்கு இரண்டு பேராகப் பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். கோல் கீப்பர் பெண்ணுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பத்து வயது, மூன்று கிளாஸ் குடித்திருந்தாள். அவள் தலைமாட்டில் அப்பா நின்றார். அவர் எலக்ட்ரீஷியன், தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஒயரிங் செய்தவர். அவர் நிற்பது தெரிந்தும் கறையக்கா குரலைத் தாழ்த்தவில்லை. என்ன ஜூஸ், எதில் கலந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிப் பாட்டிலைக் கொடுத்தாள்.

டாக்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கோல் கீப்பர் பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் வரச் சொன்னார். மற்றவர்களுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

“கெட்டுப்போன பன்னுக்குன்னு நினைச்சு வைத்தியம் பண்ணிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருக்கணும்” என்றார் அவளிடம்.

எலக்ட்ரீஷியன் மெல்ல நிமிர்ந்தார். “யார் கலந்தது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. “நான்தான்.” கணவர் வாசற்படியில் நின்றிருந்தார், துண்டு இன்னும் கையில்.

எலக்ட்ரீஷியன் இரண்டே எட்டில் போய் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். கணவர் கையைத் தூக்கவில்லை. அடி விழப்போகிறது என்று கறையக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் அந்தப் பெண் மறுபடியும் ஓங்கரித்தாள். எலக்ட்ரீஷியன் காலரை விட்டுவிட்டு மகளிடம் ஓடினார்.

கணவர் அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனார். கூட்டத்தின் நடுவில் நின்று, பன் மேல் தப்பில்லை, ஜூஸ் தன் வீட்டில் கெட்டது, கலந்தது தான் என்று சொன்னாராம். திட்டு விழுந்தது, ஒருவர் முதுகில் தள்ளியும் விட்டார். கூட்டம் கலைந்ததும் பேக்கரிக்காரர் தனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்ததாகக் கணவர் பிறகு சொன்னார்.

எட்டுப் பேர் மறுநாளே வீடு திரும்பினார்கள். கோல் கீப்பர் பெண்ணை மட்டும் நான்கு நாள் வைத்திருந்தார்கள். சிறுநீரகம் தாங்குமா என்று தினம் காலையும் மாலையும் பரிசோதித்தார்கள். அந்த நான்கு நாளும் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எலக்ட்ரீஷியன் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே போனதைப் பார்த்த பிறகுதான் கணவர் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிங்கைக் கழற்றக் குனிந்தார். அவள் தடுத்தாள்.

“அது என்ன பண்ணுச்சு? நான் சொல்ல வேண்டியதை முழுசாச் சொல்லல, நீங்க கேட்க வேண்டியதைக் கேட்கல.”

இரண்டு மாதம் மைதானத்துக்கு யாரும் வரவில்லை. அவர் ஞாயிறுதோறும் போய்ப் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார். பிறகு மூன்று பேர் வந்தார்கள், அப்புறம் ஆறு பேர். ஒரு காலையில் கோல் கீப்பர் பெண்ணும் வந்தாள். அப்பா வேலிக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டியிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மாமாவைச் சுற்றி நிற்க, அவள் மட்டும் தள்ளிப் போய்த் தன் பாட்டிலிலிருந்து குடித்தாள்.