பொட்டளவு கருகல்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு இருக்கிறது. அதன் கறுப்பு உறையில் சின்னதாக ஓர் ஓட்டை, அதைச் சுற்றிப் பொட்டளவு கருகல். வீட்டுக்கு வருகிறவர்கள் “இது என்ன வேண்டுதல்?” என்று கேட்பார்கள். நானும் சளைக்காமல் கதையை எடுப்பேன். “ஆரம்பிச்சிட்டாரு!” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் குங்குமம் வைப்பவள் அவள்தான்.

துவாஸ் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன் நான். எங்கள் மின்பொறியாளரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பூர்வீகம் நாகூர்ப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் என்னவோ இந்தத் தீவில்தான். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், உயராத குரல். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். உள்ளே இருப்பது ரெசிஸ்டர். எங்காவது கேபிள் பழுதாகி மின்சாரம் பூமிக்குப் பாய்ந்தால், மொத்தமும் பாயாமல் இது தடுத்து நிறுத்திக் கொஞ்சத்தை மட்டும் விடும். அந்தக் கொஞ்சத்தை உணர்ந்தே ரிலே என்கிற காவல் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மற்ற நாளெல்லாம் அதற்கு வேலையே இல்லை. சும்மா நின்றே மரியாதை வாங்குவதால் நாங்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்திருந்தோம்.

ஒரு தீபாவளி வாரத்தில், சோதனைக்காகப் பெட்டியைத் திறந்த மேடம், கடற்காற்றில் துருப்பிடித்து உள்ளே இணைப்பு அறுந்திருப்பதைக் கண்டார். உடனே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவசர ஆர்டர் ஒன்று பாதியில் நின்றது. மேலாளர் இறங்கி வந்தார். “புதுசு வர்ற வரைக்கும் ரெசிஸ்டர் இல்லாம நேரா எர்த்ல கட்டி ஓட்டுங்க லா, ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?” மேடத்தின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அதே மேலாளர்தான். எங்களுக்கோ தேக்காக் கடைகளில் தீபாவளித் துணி எடுக்கப் போகிற அவசரம். மேடம் மட்டும், “நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வேற யாராச்சும் போட்டா, சுவிட்ச் ரூம் சாவிய அவங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன்” என்றார். கடைசிவரை அசைந்து கொடுக்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம் அந்த மனுஷிக்கு!

புது ரெசிஸ்டர் வந்து மாட்டிய பிறகுதான் ஓட்டினோம். அன்று மாலையே, பம்ப் மோட்டாருக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்த என் தோளருகே ‘டப்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. கேபிளில் இந்த ஓட்டை, அவ்வளவுதான். நேராக எர்த்தில் கட்டியிருந்தால் அந்த இடமே வெடித்து நெருப்பாகியிருக்கும், நானும் சேர்ந்து. மேலாளர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மேடத்தின் ஒப்பந்தமும் சத்தமில்லாமல் புதுப்பிக்கப்பட்டது.

ஓய்வு பெற்ற மேடம் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தார். கேபிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “மாப்பிள்ளை காப்பாத்துனதுக்கு இதுக்குப் பூசை வேறயா?” பிறகு அதைக் கையில் எடுத்துக் கருகலைத் தடவியபடி, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டார்: “அன்னிக்கு எவ்வளவு பக்கத்துல நின்னீங்க?”

நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி அவர் பிடித்திருந்த கேபிளைத் தொட்டேன். “இவ்வளவுதான் மேடம்.”

அவர் கண் நிறைந்துவிட்டது. “இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

அவர் கேட்டு நான் இல்லை என்பேனா? தலையாட்டப் போனேன். அதற்குள் முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி குறுக்கே புகுந்தாள். “மன்னிச்சுக்குங்க மேடம். இந்த வீட்டுல வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. இத மட்டும் குடுக்க மாட்டேன்.” தட்டை என்னிடம் தள்ளிவிட்டு, அவர் கையிலிருந்து கேபிளை மெல்ல வாங்கி முருகன் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.