குருநகரில் ஒரு செவ்வாய்க்கிழமை

“செவ்வாய், மாலை நாலரை, குருநகர், கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபம்.” கிளினிக்கில் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் டொக்டர் எழுதித் தந்தது இவ்வளவுதான். அதன் கீழே என் கையெழுத்தில், “கிடைத்தது வெள்ளிக்கிழமை, ஏழாம் நாள்” என்று இருக்கிறது. குடியை நிறுத்திய ஏழாம் நாள். மாதம் பங்குனி. அதற்கு முன் மூன்று தடவை நிறுத்தியிருந்தேன். மூன்று தடவையும் இரண்டாம் வாரத்தைத் தாண்டவில்லை என்பதற்கு என் நாட்குறிப்புகளே சாட்சி.

டொக்டர் சொன்ன இடங்களுள், எங்கள் வட்டுக்கோட்டையில் இருந்து தள்ளியிருக்கும் குருநகரை நான் தெரிந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. தோய்த்து மினுக்கிய வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்திக்கொண்டேன். “கூட்டம் முடிஞ்சு நேர வீட்டை வாங்கோ” என்று மட்டும் மனைவி சொன்னாள். பதினொன்றாம் நாள் அது.

குருநகரில் இறங்கிய பிறகுதான் துண்டில் எந்தக் கோயில் என்று இல்லாதது உறைத்தது. அங்கே கோயில்கள் ஒன்றல்ல. சந்தியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், குடி என்ற சொல்லைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “இஞ்சை ஆக்கள் கூடியிருக்கிற இடம் எது?” என்றேன்.

அவர் என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

“செத்தவீட்டுக்கோ அண்ணை? உந்த ஒழுங்கையாலை நேர போங்கோ. பந்தல் தெரியும்.” பிறகு எதிரே வந்தவரைக் கூப்பிட்டு, “உவரையும் கூட்டிக்கொண்டு போ, தூரத்தாலை வந்திருக்கிறார்” என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நிமிடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் பெட்டியருகே கைகூப்பி நின்றேன். பிறகு பந்தலில் கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். மணி நாலு இருபது.

என்னைக் கூட்டிவந்தவர் அந்தப் பெரியவரின் மருமகன், நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அண்ணை, பின்னாலை வேலியோடை கிடக்கு. ஒரு சொட்டு எடுத்திட்டு இருங்கோவன்.”

“வேண்டாம்.”

“ஏன், பிறசர் வருத்தமோ?”

ஓம் என்றிருந்தால் விட்டிருப்பார். ஆனால் என் கால் ஏற்கெனவே வேலிப்பக்கம் திரும்பியிருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டு அரைமணித்தியாலத்தில் நானாகவே எழுந்து அங்கே போவேன் என்று எனக்குத் தெரியும்.

“நான் குடியை விடப் பாக்கிறன் தம்பி. அதுக்கு ஒரு கூட்டம் நடக்குதாம், தேடி வந்தனான். கேக்க வெக்கத்திலை பிழையா இஞ்சை வந்திட்டன்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“மாமா இருந்திருந்தா உதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அது மற்றக் கோயிலடி அண்ணை. என்ரை மச்சானும் அங்கைதான் போறவர். அவரும் முதல் நாள் கேக்க வெக்கப்பட்டு, மீன்பிடிச் சங்கக் கூட்டத்திலை போய் ஒரு மணித்தியாலம் இருந்தவர். எழும்புங்கோ.”

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை. பேசாமல் வெளியே வந்தோம். ஒழுங்கை முகப்பில் நான் நின்றுவிட்டேன்.

“தம்பி, செத்தவீட்டாலை வந்தா முழுகாமல் வேறை இடத்துக்கு நாங்கள் போறேல்லை. அடுத்த செவ்வாய் வாறன்.”

அந்த நேரம் அது எனக்குப் பக்தியாகவே பட்டது.

“நல்ல ஞாயம்,” என்றார் அவர். “பஸ் எடுக்கிற வழியிலை கள்ளுத் தவறணை இருக்கு. அதுக்கு முழுகாமல் போவியளோ?”

அவர் பின்னால் நடந்தேன்.

மண்டபத்தில் வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். வாசலிலேயே நின்று, செத்தவீட்டால் வருகிறேன், முழுகவில்லை என்றேன். கூட்டத்தை நடத்தியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “இஞ்சை பூசை ஒண்டும் நடக்கேல்லை ஐயா. கதிரைதான் கிடக்கு. வந்து இருங்கோ.”

இருந்தேன். எனக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு இருந்தவர் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர். அவரும் தன்னை ஒருவருக்கும் தெரியாத இடம் தேடித்தான் குருநகருக்கு வந்திருந்தார். கூட்டம் முடிய இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். தவறணை கடந்துபோகும்போது இருவரும் வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் கிணற்றடிக்குப் போய் முழுகும்போதுதான் நடந்ததைச் சொன்னேன். சோப்போடு நின்ற மனைவி, “அவைக்கு ஒரு பூவாவது கொண்டுபோகேல்லையே?” என்றாள். அந்தப் பெரியவர் செத்த எட்டாம் நாள் இருவரும் போய், அவரின் படத்துக்கு மாலை போட்டு வந்தோம்.

அதன் பிறகு இரண்டு பங்குனி கழிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் ஐந்துதான் தவறியிருக்கின்றன. மூன்று காய்ச்சலால், இரண்டு வெள்ளத்தால். நான் குடிக்காத நாட்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறது.

அந்தக் கூட்டம் எப்போது தொடங்கியது என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. சண்டையால் மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்த ஆண்டு என்கிறார் நடத்துபவர். இல்லை, அதற்கு அடுத்த ஆண்டு என்கிறார் மருமகனின் மச்சான். வருகிறவர்களின் பெயரை எழுதுவதில்லை என்பது அங்கே விதி, ஆகவே இடாப்பும் இல்லை. இருவரில் யார் சொல்வது சரி என்பதை இதை எழுதும் வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.